‘அட்வான்ஸ்டு’ மெனுவுக்குள் தள்ளிவிட்டால் எளிமை ஆகிவிடுமா?

வாசகர் ஒருவர், பிப்ரவரி 4, மாலை

எல்லாரும் இதைப் பெரிய கலை மாதிரி பேசுகிறீர்கள். சாதாரண ஆட்களுக்கு மென்பொருள் செய்வது சுலபம். பத்து வசதி இருந்தால் இரண்டை முன்னால் வையுங்கள், எட்டை ‘அட்வான்ஸ்டு’ மெனுவுக்குள் போடுங்கள். தெரிந்தவன் தேடி எடுத்துக்கொள்வான், தெரியாதவன் கண்ணில் படாது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 4, இரவு

இருக்கிறது. நீங்கள் சொன்னதை அப்படியே செய்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

வரவு செலவு எழுதும் செயலி ஒன்றை நாலு பேர் சேர்ந்து நடத்துகிறோம். முதல் பதிப்பில் எல்லா வசதியும் முகப்பிலேயே கொட்டிக் கிடந்தது. குழப்பமாக இருக்கிறது என்று திட்டினார்கள். சரி, எதை எத்தனை முறை தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, குறைவாகத் தொடப்படுவதையெல்லாம் ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு மெனு போட்டு உள்ளே தள்ளினோம். திரை பளிச்சென்று ஆனது. எங்கள் முதுகை நாங்களே தட்டிக்கொண்டோம்.

உதவி கேட்டு வரும் அழைப்புகள் குறையவில்லை. கேள்விதான் மாறியது. முன்பு ‘இது எதுக்குங்க?’ என்றவர்கள் இப்போது ‘அது எங்கங்க போச்சு?’ என்றார்கள். இரண்டாவதுதான் மோசம். முதல் கேள்வி கேட்பவர் இன்னும் எதையும் கற்கவில்லை. இரண்டாவது கேள்வி கேட்பவர் கஷ்டப்பட்டுக் கற்றிருந்தார், நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

இன்னொன்று. குறைவாகத் தொடப்படுவது முக்கியமில்லாதது என்று நினைத்துவிட்டோம். பேக்கப்பிலிருந்து கணக்கை மீட்கும் பொத்தானை ஒருவர் ஆயுளில் ஒருமுறை தொடுவார், ஃபோன் தொலைந்த அன்று. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருக்கும் அந்த ஆளைத்தான் ‘அட்வான்ஸ்டு’ கதவைத் தட்டச் சொன்னோம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘இது படிச்சவங்களுக்கு’ என்று திரும்பிப் போனேன் என ஒருவர் என்னிடமே சொன்னார். உள்ளே வராதே என்று போர்டு மாட்டியது நாங்கள்தானே.

பிப்ரவரி 5, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் விட்டுப்போனது. இந்த யோசனையைப் பெரிய இடத்திலேயே முயன்று பார்த்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000ல் மெனுவைத் திறந்தால் அடிக்கடி பயன்படுத்துபவை மட்டும் தெரியும். மீதி வேண்டுமென்றால் கீழே இருக்கும் இரட்டை அம்புக்குறியை அழுத்த வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ஆளுக்குத் தகுந்தாற்போல் மெனு தானே மாறிக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மனிதர்கள் மெனுவைப் படிப்பதில்லை. இடத்தை நினைவு வைத்துக்கொள்கிறார்கள். ‘மேலிருந்து மூணாவது’ என்றுதான் அது மனதில் பதிகிறது. அந்த மூணாவது நாளைக்கு அஞ்சாவதாகப் போய் உட்கார்ந்தால், இருட்டில் ஸ்விட்சைத் தேடும் கதைதான். ஒருவர் திரையும் இன்னொருவர் திரையும் ஒரே மாதிரி இல்லையென்றால் ஃபோனில் வழி சொல்பவர் பாடு இன்னும் திண்டாட்டம். 2007ல் ரிப்பன், அதாவது மேலே பட்டையாகப் பொத்தான்களை அடுக்கி வைக்கும் முறை, வந்தபோது வேர்டு, எக்செல் போன்றவற்றில் அந்த மெனுக்களே போய்விட்டன.

பிப்ரவரி 5, மாலை

என் அத்தை எங்கள் செயலியைப் பயன்படுத்துகிறார். ஒரு சின்னக் குழுவுக்குப் பொருளாளர். மாதக் கடைசியில் கணக்கை எல்லாருக்கும் அனுப்புவார். போன மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு.

செயலியைத் திறந்தார். முதல் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். விரலால் தள்ளினார். இரண்டாவது பக்கம், ஸ்க்ரீன்ஷாட். முந்தைய பக்கத்தின் கடைசி வரி இதிலும் இருக்கிறதா என்று கொஞ்சம் மேலே தள்ளிச் சரிபார்த்தார். மறுபடி எடுத்தார். இப்படிப் பதினாலு படம். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், பேசிவிட்டு வந்து எங்கே விட்டோம் என்று தெரியாமல் கேலரிக்குப் போய்க் கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். பிடிஎஃப் எடுக்கும் பொத்தான் இத்தனை நேரமும் மேல் மூலையில் சும்மா இருந்தது. மூன்று வாரம் உழைத்துச் செய்தது அது.

சபதம் போச்சு. ‘அத்தை, இங்க தொட்டா எல்லாம் ஒரே ஃபைலா வந்துடுமே!’

‘தெரியும்ப்பா. ஒருதடவ தொட்டுப் பார்த்தேன்.’

‘அப்புறம்? அந்த ஃபைல் எங்க போச்சுன்னு தெரியலையா?’

‘ஆமாம்ப்பா.’

மண்டையில் விளக்கு எரிந்தது. ஸ்க்ரீன்ஷாட் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்: கேலரிக்கு. பிடிஎஃப் எடுத்தால் ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று இரண்டு வினாடி காட்டிவிட்டு மறைந்துவிடுகிறோம். எங்கே சேமித்தோம்? டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டருக்குள். அதைத் தோண்டி எடுக்க அவருக்கு வழி தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. அவருக்கு வேண்டியது ஃபைல் இல்லை, அனுப்புவது.

அடுத்த பதிப்பில் பொத்தானின் பெயரை ‘கணக்கை அனுப்பு’ என்று மாற்றினோம். தொட்டதும் யாருக்கு என்று கேட்கும். சேமிக்கும் இடம் பற்றிய பேச்சே இல்லை. இந்த இழையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளப் போவது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 7

‘சாதாரணப் பயனர்’ என்று எழுதும்போதெல்லாம் கை கூசுகிறது. சாதாரணமாக யார் இருக்கிறார்கள்? நிபுணரின் மூளையில் பாதியை எடுத்துவிட்டால் வருபவர் மாதிரியே நம் துறையில் பேசுகிறோம்.

நான் வீடியோ எடிட் செய்யும் மென்பொருளை வருடத்துக்கு இரண்டு தடவை திறப்பேன். இரண்டு தடவையும், துண்டு வெட்டியதும் நடுவில் விழும் இடைவெளியை எப்படி மூடுவது என்று தேடுவேன். ஒரே விளக்க வீடியோ, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி ‘ஓ, ஆமால்ல’ என்பேன். இருபது வருடமாகக் கோட் எழுதுகிறேன். அந்த மென்பொருளுக்கு முன்னால் நான் யார்? அத்தை எங்கள் செயலிக்கு முன்னால் எப்படியோ அதே மாதிரிதான்.

வித்தியாசம் அறிவில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே கிடப்பவருக்குக் கை பழகிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருபவர் ஒவ்வொரு தடவையும் பாதி புது ஆள். வரும்போது வேறு வேலையை நடுவில் விட்டுவிட்டு வந்திருப்பார், கவனம் அங்கேதான் இருக்கும். அவருக்கு நம் மென்பொருள் ஒரு வேலையே இல்லை. வேலைக்கு நடுவில் வரும் ஒரு படிக்கட்டு. யாரும் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே ஏறுவதில்லை. ஒரு படி மட்டும் அரை அங்குலம் உயரமாக இருந்தால்தான் தெரியும்.

பிப்ரவரி 8

‘அப்படியானால் தப்பு செய்யாமல் இருக்க நிறைய எச்சரிக்கை போடலாமே’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

போட்டோம். ‘நிச்சயமாக அழிக்கவா?’ பத்து தடவை ஒன்றை அழிக்கும் ஆள் பத்து தடவை ‘ஆம்’ அழுத்துகிறார். பதினோராவது தடவை தப்பான பதிவில் கை வைத்திருக்கிறார், அதற்கும் ‘ஆம்’. கேள்வியைக் கண் பார்ப்பதே இல்லை, விரல் பதில் சொல்கிறது. அழிப்பது என்பதே அவருக்கு இப்போது இரண்டு தட்டுத் தட்டும் வேலை. நாங்கள் எச்சரிக்கை சேர்க்கவில்லை, ஒரு தட்டைத்தான் கூட்டினோம்.

2018 ஜனவரி 13 காலை ஹவாயில் எல்லார் ஃபோனுக்கும் ஏவுகணை வருகிறது என்று பொய் எச்சரிக்கை போனதே, அங்கேயும் இந்தக் கேள்வி இருந்தது. அனுப்ப வேண்டுமா என்று திரை கேட்டது. ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் ஒரே பட்டியலில் இடம், ஊழியர் தப்பானதைத் தொட்டுவிட்டு ‘ஆம்’ சொல்லிவிட்டார். மோசமான திரைக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இதற்கு நேர் எதிர் ஜிமெயிலின் ‘அன்டூ’. அது 2009ல் சோதனை வசதியாக வந்தது, 2015ல் எல்லாருக்குமான அமைப்பானது. அனுப்புமுன் எதுவும் கேட்காது. அனுப்பியதைத் திரும்ப வாங்கும் மந்திரமும் இல்லை. அனுப்பாமலே சில வினாடி கையில் பிடித்து வைத்திருக்கிறது, அதிகபட்சம் 30 வினாடி. ‘அனுப்பு’ என்று தொட்ட மறு நொடியில்தான் இணைப்பைச் சேர்க்க மறந்தது நமக்கு உறைக்கும். மனுஷ புத்தி எப்போது விழிக்கிறது என்று பார்த்து அங்கே பொத்தானை வைத்திருக்கிறார்கள். கேள்வியை முன்னால் கேட்பதைவிட மன்னிப்பைப் பின்னால் வைப்பது நல்லது.

பிப்ரவரி 9

ஹவாய் விஷயத்தில் ஒருவர் பிடித்துவிட்டார், சரியாகவே. அந்த மாதக் கடைசியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் வெளியிட்ட முதற்கட்ட அறிக்கைப்படி, அனுப்பியவர் கை தவறித் தொடவில்லை. ஒத்திகையை நிஜமென்றே நம்பி அனுப்பியிருக்கிறார். ‘நிச்சயமாகவா?’ என்று நூறு தடவை கேட்டிருந்தாலும் அவர் பதில் ‘ஆம்’தான். முதல் நாள் செய்தியை மனதில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன்.

என் வாதம் விழவில்லை, இடம் மாறுகிறது. தப்பு என்று திருத்தி இரண்டாவது செய்தி ஃபோன்களுக்குப் போக 38 நிமிடம் ஆனது. ஏவுகணை வருகிறது என்று சொல்ல வாசகம் தயாராக இருந்தது, வரவில்லை என்று சொல்ல இல்லை. போவதற்கு வழி போட்டவர்கள் திரும்புவதற்குப் போடவில்லை. நேற்றே இதை எழுதியிருக்க வேண்டும், திரையைத் திட்டுவது சுகமாக இருந்தது.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

எச்சரிக்கை என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் செயலியின் பழைய பதிப்பில், தானாகத் திரும்பத் திரும்ப ஏறும் தொடர் பதிவை நிறுத்தப் போனால் இப்படி வரும்:

‘ரத்து செய்யவா?’
[ரத்து] [சரி]

எதைத் தொட்டால் என்ன ஆகும்? எழுதியவன் நான். இரண்டு நிமிடம் யோசித்தும் எனக்கே தெரியவில்லை, கோடைத் திறந்து பார்த்தேன். இப்போது ‘நிறுத்து’, ‘தொடரட்டும்’ என்று இருக்கிறது.

பிப்ரவரி 13

8ஆம் தேதி பெரிய ஞானி மாதிரி எழுதியதற்கு இன்று தண்டனை.

எச்சரிக்கையை எடுத்துவிட்டுக் குப்பைத்தொட்டி வைத்திருந்தோம். அழித்தது 30 நாள் அங்கே இருக்கும், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். ‘போச்சே’ என்று பதறி வரும் அழைப்புகள் ஏறக்குறைய நின்றுவிட்டன. இன்று ஒரு அம்மா கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாத ஒரு செலவை எழுதியிருக்கிறார், பிறகு அழித்திருக்கிறார். அதே ஃபோனை மகனும் எடுப்பான். அவன் குப்பைத்தொட்டியைத் திறந்து, ‘இது என்னம்மா?’ என்று கேட்டிருக்கிறான்.

‘அழிச்சேன்னா அழிஞ்சிருக்கணும்ல தம்பி? நீங்க ஏன் எடுத்து வச்சிருக்கீங்க?’

என்ன பதில் சொல்ல? அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘அழி’ என்று எழுதி வைத்துவிட்டு நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணம் என்பது எங்களுக்குத் தெரியும், பொத்தானில் எழுதவில்லையே.

இப்போதைக்குச் செய்தது: அழித்ததும் கீழே ஒரு வரி வரும், ‘குப்பையில் இருக்கிறது. மீட்க / அடியோடு அழிக்க’. இரண்டும் ஒரே தட்டில். அதாவது விரல் பதில் சொல்லும் பழைய ஆபத்தை வேறு வழியில் உள்ளே விட்டிருக்கிறோம். தெரிந்தேதான்.

பிப்ரவரி 16

வேறு பக்கம் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கட், காப்பி, பேஸ்ட் என்பதை இன்று நாம் செய்யும் விதத்துக்குக் காரணமானவர்களில் லாரி டெஸ்லர் முக்கியமானவர். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) என்ற கணினி ஆய்வகத்தில் இருந்தார், 2020ல் இறந்தார். எழுத்தை அடித்துத் திருத்தும் அப்போதைய மென்பொருள்களில் எழுத்தைச் சேர்க்க ஒரு நிலை, மாற்ற ஒரு நிலை. எந்த நிலையில் இருக்கிறோம் என்று மறந்தால் அடிக்கும் எழுத்து கட்டளையாகிவிடும். பழகியவர்களுக்கு அது சிரமமாகவே தெரியவில்லை. அதனால் டெஸ்லர் அவர்களை விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு செயலாளரை எதுவும் ஓடாத திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். திருத்தம் குறித்த ஒரு காகிதத்தைக் கொடுத்து, இதைத் திரையில் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். அவர் மனதில் எழுந்தது நேரான வழி: சேர்க்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டி, அப்படியே அடிக்கத் தொடங்குவது. இன்று நாம் செய்வது ஏறத்தாழ அதுதான்.

திரையில் எதுவுமே இல்லாமல் கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். எதையாவது காட்டிக் கேட்டிருந்தால் அதை ஒட்டித்தான் பதில் வந்திருக்கும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு வேதம். ஒரு வேலைக்கென்று உள்ள சிக்கலில் ஒரு அளவுக்குக் கீழே எதையும் குறைக்க முடியாது. அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி, எழுதுபவரா பயன்படுத்துபவரா. ஃபோன் எண்ணை நடுவில் இடம் விட்டு அடித்தால் ‘தவறான எண்’ என்று கத்தும் படிவங்களைப் பாருங்கள். இடைவெளியை நீக்குவது ஒரு வரி கோட். ஒரு ஆள் அந்த ஒரு வரியை எழுதாததால் லட்சம் பேர் பின்னால் போய் ஒவ்வொரு இடைவெளியாக அழிக்கிறார்கள். பிறகு ‘மக்களுக்கு ஃபார்ம் நிரப்பத் தெரியல’ என்று நாம் மீட்டிங்கில் சிரிக்கிறோம்.

பிப்ரவரி 17

‘சுமையை நாமே தூக்கு’ என்று நேற்று எழுதியதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தூக்குகிறேன் என்று போய்க் கேட்காமலே ஊகிக்கத் தொடங்கினால்?

எக்செல்லில் ‘மார்ச்1’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் தேதியாக்கிவிடும். கணக்கு எழுதும் கோடிக்கணக்கானவர்களுக்கு அது உதவி. ஆனால் மனித ஜீன்களில் அதே பெயரில் ஒன்று இருந்தது. ‘செப்ட்2’ என்றும் ஒன்று. பட்டியலை ஒட்டினால் ஜீன் மறைந்து செப்டம்பர் 2 உட்கார்ந்திருக்கும். எக்செல்லில் ஜீன் பட்டியல் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரித் தப்பு இருப்பதாக 2016ல் ஒரு ஆய்வு கண்டது. கடைசியில் யார் இறங்கி வந்தார்கள்? 2020ல் ஜீன்களின் பெயரை மாற்றினார்கள். ஆமாம், ஜீன்களின் பெயரை. மென்பொருளில் இந்த மாற்றத்தை நிறுத்தும் வசதி வந்தது 2023ல்.

எளிமைக்காக மறைப்பதும் இதே ரகம். ஃபைல் பெயரின் வால் பகுதி பொதுமக்களுக்கு எதற்கு என்று விண்டோஸ் அதை டீஃபால்ட்டாக மறைத்தது. 2000 மே மாதம் காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சலில் வந்த வைரஸுக்கு அது வசதியாகப் போயிற்று. பெயரின் நடுவில் எழுத்து ஃபைலுக்கான டிஎக்ஸ்டி, கடைசியில் நிரலுக்கான விபிஎஸ். கடைசியை விண்டோஸ் மறைத்ததால் வெறும் எழுத்து ஃபைல் மாதிரி தெரிந்தது. இது கடிதமா நிரலா என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளத்தை, அது அதிகம் தேவைப்பட்டவர் கண்ணிலிருந்துதான் எடுத்துவைத்திருந்தார்கள்.

ஆக ஊகிக்கலாம், ஊகித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரு தட்டில் பழையபடி ஆக்க முடிய வேண்டும். எக்செல்லில் அந்தப் பதிவை எண்ணாக மாற்றினாலும் பழைய எழுத்து வராது, நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று தேதியின் உள்ளெண் வரும். அடித்ததே தொலைந்துபோகிறது என்பதுதான் கொடுமை.

பிப்ரவரி 20

செட்டிங்ஸ் பற்றிக் கேட்டவருக்கு. எங்கள் செயலியில் ஒரு காலத்தில் 41 ஸ்விட்ச் இருந்தன. ஒவ்வொன்றின் பிறப்பும் எனக்குத் தெரியும். நாலு பேர் சண்டை போடுவோம், இரவு ஆகிவிடும், யாராவது ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே ‘செட்டிங்ஸ்ல போட்டுடலாம்’ என்பார். எங்கள் சண்டையைத் தீர்க்கத் தெம்பில்லாமல் பயனரின் தலையில் கட்டியதன் பெயர்தான் அமைப்புகள்.

41ஐ 12 ஆக்கினோம். பெரும்பாலானவற்றுக்கு ஒரு புகாரும் வரவில்லை. ஒன்றுக்கு மட்டும் வந்தது: வாரம் ஞாயிறில் தொடங்குகிறதா திங்களிலா. அதற்கு மட்டும் பத்து நாள் திட்டு வாங்கினோம். திரும்ப வைத்துவிட்டோம்.

பிப்ரவரி 22

5ஆம் தேதிப் பெருமையில் இன்று ஒரு ஓட்டை.

ஒரு கணக்காளர் எழுதியிருக்கிறார். மாதம் நாற்பது பேரின் கணக்கை எங்கள் செயலியில் எடுத்து ஒரு ஃபோல்டரில் வைப்பவர். ‘முன்பு நாற்பது தட்டில் முடியும். இப்போது ஒவ்வொன்றுக்கும் யாருக்கு அனுப்ப என்று கேட்கிறது. யாருக்கும் அனுப்பவில்லை ஐயா, எனக்குச் சேமிக்கத்தான் வேண்டும்.’ அந்த ‘ஐயா’வில் இருந்த சூடு எனக்குப் புரிந்தது.

அத்தைக்காக அவர் வேலையை உடைத்துவிட்டேன். இரண்டையும் ஒரே பொத்தானில் நிறைவேற்றப் பார்த்தோம், அசிங்கமாக வந்தது. கடைசியில் அனுப்பும் பட்டியலின் முதல் வரியாக ‘இந்த ஃபோனில் வை’ என்று சேர்த்தோம், போன தடவை தேர்ந்தெடுத்ததை நினைவு வைக்கச் செய்தோம். அவருக்கு நாற்பது எண்பது தட்டாகிவிட்டது. ‘பழைய மாதிரி இல்லை, பரவாயில்லை’ என்று பதில் போட்டார். பரவாயில்லை என்பவர்கள் மெதுவாக வேறு செயலிக்குப் போவார்கள். மொத்தமாக எடுக்கும் வசதி ஒன்று அவருக்காகத் தனியே வேண்டும். அதை எங்கே வைப்பது? கேள்வி கேட்ட வாசகர் சிரித்துக்கொண்டிருப்பார். ஆமாம், ஒரு மெனுவுக்குள்தான். ‘அட்வான்ஸ்டு’ என்று பெயர் வைக்க மாட்டேன், ‘மொத்தமாகச் சேமி’ என்று வைப்பேன். பாதித் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 23

ஒரே செலவு இரண்டு தடவை ஏறுகிறது என்று ஒருவர் மூன்று மாதமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். டேட்டாபேஸை அலசினோம், சர்வரை அலசினோம், ஒத்திசைவில் கோளாறு என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டது. கடைசியில் அவர் திரையை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எல்லாவற்றையும் இரண்டு தட்டுத் தட்டுகிறார். கம்ப்யூட்டரில் ஐகானை அப்படித்தானே திறப்போம், அந்தப் பழக்கம். முதல் தட்டுக்குப் பிறகு பொத்தானை ஒரு வினாடி முடக்கினோம், தீர்ந்தது. இதை ‘பயனர் தவறு’ என்று குறித்துவைத்திருந்தோம். குறிப்பை மாற்றவில்லை, வெட்கம்.

மார்ச் 2

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது என்ற கேள்விக்கு: ஐந்து பேர் போதும் என்று, மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதியது இன்றும் சண்டைக்குரிய விஷயம். ஒரே மாதிரி ஆட்களுக்குத்தான் அந்தக் கணக்கு, கணக்காளரும் அத்தையும் இரண்டு தனி ஐந்து. எங்களுக்கு ஐந்தே ஆடம்பரம், மூன்று பேர் கிடைத்தாலே விருந்து. எண்ணிக்கையைவிட, பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

மார்ச் 9

வாயை மூடுவது பற்றி எழுதிய அடுத்த வாரமே இது.

நேற்று அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மாதக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். புது பதிப்பு, ‘கணக்கை அனுப்பு’ பொத்தான் பெரிதாக, நடுவில். அவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. பதினோரு படம் எடுத்து முடித்தார். கேலரியைத் திறந்தார். ஆறாவது படத்தைத் தொட்டு, எடிட்டுக்குப் போய், சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டம் சரியாக மூடவில்லை, அழித்துவிட்டு இன்னொரு தடவை. ஒன்பதாவது படத்தில் இன்னொரு வட்டம், பக்கத்தில் ஒரு அம்புக்குறி. குழுவில் அனுப்பினார்.

‘வட்டம் எதுக்கு அத்தை?’

‘இதெல்லாம் இன்னும் வராத காசு. வட்டம் போட்டாத்தான் அவங்களுக்கு உறைக்கும். பேர் போட்டுக் கேட்டா சங்கடப்படுவாங்க.’

‘அன்னிக்கு ஃபைல் எங்க போச்சுன்னு தெரியலைன்னு சொன்னீங்களே?’

‘நீதானப்பா சொன்ன. நான் ஆமான்னேன்.’

பிப்ரவரி 5 குறிப்பைத் திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும். இன்று காலை எங்கள் வேலைப் பட்டியலில் ‘வட்டம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதற்குக் கீழே இன்னும் எதுவும் எழுதவில்லை.